மன அழுத்தம்: எப்போது முடிகிறது என்பதுதான் கேள்வி

இரவு பத்து மணி இருக்கும். படுக்கப் போகும் நேரத்தில் மேலதிகாரியிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரி வந்தது: "காலையில் வந்ததும் என்னைப் பாருங்கள்." என்ன விஷயம், எதற்காக, ஒன்றும் இல்லை. அந்த வரியைப் பத்துப் பதினைந்து தடவை படித்திருப்பேன். வழக்கமாக முற்றுப்புள்ளியே வைக்காத மனிதர், இன்றைக்கு ஏன் வைத்திருக்கிறார்? போன வாரம் அனுப்பிய அறிக்கையில் ஏதாவது தப்பா? அதற்கு முந்தின வாரக் கூட்டத்தில் நான் வாயைத் திறந்திருக்கக் கூடாதோ? மணி இரண்டைத் தாண்டியும் இருட்டில் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். காலையில் போய் நின்றால், பழைய கோப்பு ஒன்றின் கடவுச்சொல் வேண்டுமாம். அரை நிமிட வேலை.

விஷயம் அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. உடம்புக்கு முடியவில்லை. அன்று முழுக்கக் கழுத்து இறுகிக் கிடந்தது, மதியம் வரை வயிறு சரியில்லை, சாயங்காலம் வீட்டில் ஒன்றுமில்லாததற்கு எரிந்து விழுந்தேன். நடக்காத ஒரு சண்டைக்காக உடம்பு இரவெல்லாம் விறைத்து நின்றிருக்கிறது. சண்டை இல்லை என்று தெரிந்த பிறகும் அதற்கு உட்காரத் தெரியவில்லை.

மன அழுத்தத்தைப் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி அதை எப்படி வராமல் தடுப்பது என்பதைப் பற்றியது. எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. பரீட்சை வரும், கடன் வரும், பெற்றவர்களுக்கு உடம்புக்கு வரும். வந்தது எப்போது போகிறது, போகாமல் எது தடுக்கிறது என்று கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கிறது.

வயிறு கலங்குவது வெறும் வழக்குச்சொல் இல்லை

நெஞ்சு படபடத்தது, வயிற்றைக் கலக்கியது, நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, கை சில்லிட்டது, முகம் வெளிறியது என்றெல்லாம் தமிழில் சொல்கிறோம். அலங்காரப் பேச்சு மாதிரித் தெரியும். உண்மையில் ஒவ்வொன்றும் கண்ணால் பார்த்து எழுதிவைத்த மருத்துவக் குறிப்பு.

அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் இந்த விஷயத்துக்கு வந்ததே வயிற்றின் வழியாகத்தான். எக்ஸ்ரே புதிதாக வந்த காலத்தில் பூனைகளின் வயிறு உணவை எப்படிப் பிசைகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். பூனை மிரண்டாலோ சீறினாலோ வயிற்றின் அசைவு சட்டென்று நின்றுபோவதைக் கவனித்தார். அங்கிருந்து நூல் பிடித்துப் போனவர், 1915இல் வெளியிட்ட நூலில், ஆபத்தைக் கண்டால் உடம்பு ஒன்று மோதுவதற்கு, இல்லையென்றால் ஓடுவதற்குத் தயாராகிறது என்று விளக்கினார்.

அந்தத் தயாரிப்பு ஓர் அவசரகாலப் பட்ஜெட் மாதிரி. செரிமானத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வயிற்றுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. எச்சில் சுரப்பதும் குறைகிறது. தோலுக்கு அடியிலுள்ள நாளங்கள் சுருங்குவதால் கை சில்லிடுகிறது, முகம் வெளிறுகிறது. தொடைக்கும் தோளுக்கும் ரத்தம் பாய இதயம் வேகமாக அடிக்கிறது. கல்லீரல் சேமித்துவைத்த சர்க்கரையை ரத்தத்தில் அவிழ்த்துவிடுகிறது. காயம் பட்டால் சீக்கிரம் உறையும்படி ரத்தம்கூட மாறிக்கொள்கிறது. இவ்வளவும் புலிக்காக ஏற்பட்ட ஏற்பாடு. வாட்ஸ்அப்பில் வந்த முற்றுப்புள்ளிக்கும் இதே ஏற்பாடுதான் கிளம்புகிறது. உடம்பிடம் வேறு திட்டம் கிடையாது.

இது இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலாவது நரம்பு வழியாக, நொடிகளில்: சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியின் உட்பகுதி அட்ரீனலினை விடுகிறது. இரண்டாவது ரத்தம் வழியாக, சற்று நிதானமாக: மூளையின் அடியிலுள்ள ஹைப்போதலாமஸ் என்ற பகுதி பிட்யூட்டரி சுரப்பிக்குச் சொல்கிறது, பிட்யூட்டரி அட்ரீனலின் வெளிப்பகுதிக்குச் சொல்கிறது, அங்கிருந்து கார்ட்டிசால் என்ற ஹார்மோன் வருகிறது. பயந்த கணத்திலிருந்து கார்ட்டிசால் உச்சத்தைத் தொட இருபது முப்பது நிமிடம் ஆகும். அதனால்தான் சண்டை முடிந்து, எதிராளி போய், நாற்காலியில் உட்கார்ந்த பிறகும் உடம்பு அடங்குவதில்லை. 'அப்போது இதைச் சொல்லியிருக்கலாமே' என்ற பதில்களும் அப்போதுதான் வரிசையாக வருகின்றன.

கார்ட்டிசாலுக்கு இன்று இணையத்தில் வில்லன் வேடம். அதைக் கழுவி வெளியேற்றும் பானம் என்று விளம்பரம்கூட வருகிறது. கார்ட்டிசால் இல்லாவிட்டால் காலையில் படுக்கையிலிருந்து எழக்கூட முடியாது. ஒவ்வொரு நாளும் விழித்த அரை மணி, முக்கால் மணி நேரத்துக்குள் அது தானாகவே ஏறுகிறது, ராத்திரிக்குள் இறங்கிவிடுகிறது. அவசரம் என்று ஏறும்போதும், ரத்தத்தில் போதிய அளவு வந்ததும் அதுவே மூளைக்குத் திரும்பிப் போய் 'போதும், நிறுத்து' என்கிறது. அபாய மணியை அடிப்பதும் அணைப்பதும் ஒரே அமைப்புக்குள்ளேயே இருக்கிறது. மணி அணைவதற்குள் அடுத்த அடி விழுந்துகொண்டே இருப்பதுதான் கோளாறு.

பெயரால் வந்த குழப்பம்

இந்தப் பொருளில் ஸ்ட்ரெஸ் என்ற சொல்லைப் பரப்பியவர் ஹான்ஸ் செல்யே. வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியலில் ஆய்வு செய்தவர். புதிய ஹார்மோன் கண்டுபிடிக்கும் ஆசையில் எலிகளுக்குச் சூலகச் சாற்றை ஊசி போட்டுக்கொண்டிருந்தார். அட்ரீனல் வீங்கியது, நோய் எதிர்ப்புக்கு உதவும் தைமஸ் சுரப்பி சுருங்கியது, வயிற்றில் புண் வந்தது. கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தவர், சம்பந்தமே இல்லாத ஃபார்மலின் என்ற எரிச்சலூட்டும் ரசாயனத்தை ஊசி போட்டுப் பார்த்தார். அதே மூன்று மாற்றம். கடும் குளிரில் வைத்தாலும் அதேதான். ஹார்மோன் கனவு போயிற்று. ஆனால் எந்தத் தொல்லை கொடுத்தாலும் உடம்பு ஒரே மாதிரி பதில் சொல்கிறது என்பது கிடைத்தது. 1936இல் 'நேச்சர்' இதழில் சிறு குறிப்பாக அது வெளிவந்தது. (பின்னாளில் அவர் புகையிலை நிறுவனங்களிடம் ஆய்வுப் பணம் வாங்கியதும் பதிவாகியிருக்கிறது. மேதைகளின் வரலாற்றில் இப்படியும் ஒரு பக்கம் இருக்கும்.)

ஸ்ட்ரெஸ் என்பது உலோகக் கம்பியின் மீது விழும் பாரத்தைக் குறிக்கும் பொறியியல் சொல். தமிழில் 'அழுத்தம்' என்று சரியாகத்தான் பெயர்த்தோம். ஆனால் பேச்சில் எல்லாம் கலந்துவிட்டது. 'என்னை டென்ஷன் பண்ணாதே' என்றால் கோபம். 'ஒரே டென்ஷனா இருக்கு' என்றால் பதற்றம். 'பிரஷர் ஏறுது' என்றால் எரிச்சலா ரத்த அழுத்தமா என்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் ஆபத்தானது, ஆங்கிலத்தில் டிப்ரஷன் எனப்படும் மனச்சோர்வு நோயையும் பல செய்திகளில் 'மன அழுத்தம்' என்றே எழுதுவது. மன அழுத்தம் பாரம் தாங்கும்போது வருவது. பாரம் இறங்கினால் பெரும்பாலும் இறங்கும். மனச்சோர்வு, பாரம் இறங்கிய பிறகும் நிற்கலாம், பாரமே இல்லாமலும் வரலாம். சிகிச்சை தேவைப்படும் ஒருவரிடம் 'எல்லாருக்கும்தான் மன அழுத்தம் இருக்கு, நாலு நாள் லீவு போட்டுட்டு எங்கேயாவது போயிட்டு வா' என்று சொல்லிவிடுவதற்கு இந்தச் சொல் குழப்பமும் ஒரு காரணம்.

பாரம் என்றால் கெட்டது மட்டும்தானா? 1967இல் ஹோம்ஸ், ராஹே என்ற இருவர் வாழ்க்கையில் நேரும் 43 மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டார்கள். கணவனோ மனைவியோ இறப்பதற்கு 100. கல்யாணத்துக்கு 50. பெரிய சாதனை ஒன்றைச் செய்வதற்குக்கூட 28. நல்ல காரியத்துக்கும் உடம்பு விலை கொடுக்கிறது என்பதை இந்தப் பட்டியல் எடுத்துச் சொன்னது. ஆனால் ஒரே நிகழ்ச்சி இரண்டு பேருக்கு ஒரே எடையாக இருப்பதில்லை. ரிச்சர்ட் லாசரஸ் என்ற உளவியலாளர் அந்த ஓட்டையைத்தான் பிடித்தார். நமக்குள் இரண்டு கேள்வி ஓடுகிறது என்றார் அவர்: இதனால் எனக்குக் கேடு உண்டா? உண்டென்றால் சமாளிக்க என்னிடம் ஏதாவது இருக்கிறதா? இரண்டாவதற்கு 'இல்லை' என்று பதில் வரும்போதுதான் மணி பலமாக அடிக்கிறது.

தெரியாமை, கையாலாகாமை

என்னைக் கேட்டால் இந்தத் துறையின் மிக முக்கியமான சோதனை ஜே வைஸ் என்ற உளவியலாளர் 1970 வாக்கில் எலிகளை வைத்துச் செய்தது. இரண்டு எலிகளுக்கு ஒரே அளவு மின்அதிர்ச்சி, ஒரே நேரத்தில். ஒன்றுக்கு மட்டும் அதிர்ச்சி வருவதற்குச் சில நொடி முன்னால் ஓர் ஒலி கேட்கும். இன்னொன்றுக்கும் ஒலி கேட்கும், ஆனால் அதற்கும் அதிர்ச்சிக்கும் சம்பந்தம் இருக்காது. வாங்கிய அடி இரண்டுக்கும் சமம். எச்சரிக்கை கிடைத்த எலிக்கு வயிற்றுப்புண் மிகக் குறைவு.

எச்சரிக்கை அடியைக் குறைக்கவில்லை. ஆனால் ஒலி இல்லாத நேரமெல்லாம் நிம்மதியான நேரம் என்று அந்த எலிக்குத் தெரிந்துவிட்டது. மற்ற எலிக்கு ஒவ்வொரு நொடியும் அடி விழக்கூடிய நொடி. அதன் மணி அணைய வாய்ப்பே இல்லை. இன்னொரு வகைச் சோதனையில், சக்கரத்தைச் சுழற்றி அதிர்ச்சியை நிறுத்த முடிந்த எலிக்கும் புண் குறைவாகவே வந்தது.

எலி சரி, மனிதர்கள்? 1967இல் பிரிட்டனில் அரசு அலுவலர்களைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு ஒன்று தொடங்கியது. அலுவலகங்கள் இருந்த தெருவின் பெயரால் அதை ஒயிட்ஹால் ஆய்வு என்பார்கள். பெரிய பொறுப்பில் இருப்பவருக்குத்தான் மாரடைப்பு வரும் என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. மைக்கேல் மார்மட்டும் மற்றவர்களும் கண்டது நேர்மாறு: மேல்மட்ட அதிகாரிகளைவிடக் கடைநிலை ஊழியர்கள் இதய நோயால் இறப்பது மூன்று மடங்குக்கும் அதிகம். புகைபிடிப்பது, கொழுப்பு, ரத்த அழுத்தம் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துக்கொண்டும் வித்தியாசம் முழுக்க மறையவில்லை. அடுத்த கட்ட ஆய்வில், தன் வேலையில் தனக்கு எவ்வளவு பிடி இருக்கிறது என்பது முக்கியம் என்று தெரிந்தது. ராபர்ட் கரசெக் 1979இலேயே இதை ஒரு சூத்திரமாகச் சொல்லியிருந்தார்: வேலை அதிகம், முடிவெடுக்கும் உரிமை குறைவு, இரண்டும் சேரும் இடம்தான் ஆளை அரிக்கிறது.

இப்போது அந்த வாட்ஸ்அப் வரிக்குத் திரும்பலாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது கெட்ட செய்தி இல்லை, செய்தி இல்லாததுதான். 'பழைய கோப்பின் கடவுச்சொல் வேண்டும், காலையில் பாருங்கள்' என்று எழுதியிருந்தால் இரண்டு சொல் கூடுதலாக ஆகியிருக்கும். பிறரை வேலை வாங்கும் பொறுப்பில் இருப்பவர்கள் மன அழுத்தத்துக்குச் செய்யக்கூடிய, காசே செலவில்லாத காரியம் இது: காரணத்தைச் சேர்த்து எழுதுங்கள். திட்டுவதாக இருந்தாலும் எதற்காக என்று சொல்லிவிடுங்கள்.

வாங்கும் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் இதில் வழி இருக்கிறது. ஸ்கேன் முடிவு எப்போது வரும் என்று கேட்டு, அந்த நாள் வரை அதைத் தூக்கி வைத்துவிடுவது ஒன்று. ஒன்பது மணிக்கு மேல் அலுவலகச் செய்தி பார்ப்பதில்லை என்று எல்லாருக்கும் சொல்லிவிடுவது இன்னொன்று. பெரிய விஷயம் கையில் இல்லாவிட்டால், அதற்குள் கையிலிருக்கும் சின்ன விஷயத்தைத் தேடுவது மற்றொன்று. இவை எல்லாம் பாரத்தைக் குறைப்பதில்லை, ஒலி இல்லாத நேரத்தை உண்டாக்கிக் கொடுக்கின்றன.

அணையாத மணி என்ன செய்யும்

புரூஸ் மெக்இவன், எலியட் ஸ்டெல்லர் இருவரும் 1993இல் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். நாம் 'தேய்மானச் சுமை' என்று சொல்லிக்கொள்ளலாம். வண்டியை எப்போதாவது முழு வேகத்தில் ஓட்டுவதால் கெடுவதில்லை, நிறுத்தியிருக்கும்போதும் இன்ஜினை உறுமவிட்டால்தான் தேய்கிறது.

தேய்மானத்தை நேரில் பார்க்கும்படி ஒரு சோதனை உண்டு. மறதி நோய் வந்த உறவினரைப் பல வருடமாகக் கவனித்துக்கொண்டிருந்த பெண்கள் 13 பேர். அதே வயது, அதே நிலைமை, ஆனால் அந்தச் சுமை இல்லாதவர்கள் 13 பேர். எல்லாருடைய கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சின்னக் காயம் ஏற்படுத்தி, ஆற எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சுமை உள்ளவர்களுக்குச் சராசரியாக ஒன்பது நாள் கூடுதலாக ஆயிற்று. ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு 1995இல் வெளியிட்டது இது. பார்த்துக்கொள்கிறவரை யார் பார்த்துக்கொள்வது என்று வீடுகளில் யாரும் கேட்பதில்லை, தோல் கேட்கிறது. அதற்கு நான்கு வருடம் முன்பு ஷெல்டன் கோஹன், ஆரோக்கியமான 394 பேர் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்தார். அழுத்தம் கூடக்கூட, தொற்றுவதற்கான வாய்ப்பும் கூடியது.

ஆனால் எல்லாவற்றையும் இதன் தலையில் கட்டிவிடவும் கூடாது. குடல்புண் என்றாலே டென்ஷன்தான் என்று பல காலம் மருத்துவர்களே சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1980களில் ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் பெரும்பாலான புண்களுக்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்று காட்டினார்கள். 2005இல் நோபல் பரிசு கிடைத்தது. நெஞ்சு வலித்தால் 'டென்ஷனா இருக்கும்' என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். முதலில் இதயத்தைப் பார்க்கட்டும்.

அணைக்கும் வழிகள்

மணிக்கட்டில் நாடி பிடித்துப் பாருங்கள். மெதுவாக மூச்சை இழுக்கும்போது துடிப்பு லேசாக வேகமெடுக்கும், விடும்போது தளரும். இளவயதினருக்கு இது நன்றாகவே தெரியும். வெளிமூச்சின் போது வேகஸ் என்ற நரம்பு இதயத்தின் கடிவாளத்தைப் பிடிக்கிறது. ஆக, பதறுகிறவரிடம் 'மூச்சை நல்லா இழு' என்பது பாதி யோசனைதான். பதற்றத்தில் வேகவேகமாக ஆழ்ந்து இழுத்தால் கரியமில வாயு குறைந்து தலைதான் சுற்றும். நீளமாக இருக்க வேண்டியது விடும் மூச்சு. நாலு எண்ணும் வரை இழுத்து, ஆறு எண்ணும் வரை விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு என்ற கணக்குக்கு வரும். இதை ஐந்து நிமிடம் செய்தால் போதும். பெருமூச்சு விடுவது உடம்பு இதைத் தானாகச் செய்துகொள்வது மாதிரி. அதை அடக்க வேண்டியதில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது உங்கள் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொண்டிருக்கின்றனவா? சும்மா இருக்கும் வாயில் அவை தொடக் கூடாது. தோள் காதுக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது? எட்மண்ட் ஜேக்கப்சன் என்ற மருத்துவர் 1920களிலேயே இதைப் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு தசையாக வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டுவிடச் சொன்னார். நேரடியாகத் தளர்த்து என்றால் தசைக்குப் புரிவதில்லை. இறுக்கிக் காட்டினால்தான் எது தளர்வு என்று தெரிகிறது. முதலில் இது எனக்கு வேடிக்கையாகத்தான் இருந்தது. தாடையில் செய்து பார்த்த பிறகு தலைவலி மாத்திரை வாங்குவது குறைந்தது.

நடையும் ஓட்டமும் ஏன் உதவுகின்றன என்பது மேலே சொன்னதிலேயே இருக்கிறது. ஓடுவதற்காக அவிழ்த்துவிட்ட சர்க்கரையையும் கொழுப்பையும் நாற்காலியில் உட்கார்ந்தபடி வைத்துக்கொண்டிருக்கிறோம். வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டி. அதை ஒரு கடமையாக்கி, தவறினால் குற்றவுணர்ச்சி என்று ஆக்கிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அழுத்தம் குறைக்கப் போய் ஓர் அழுத்தம். பத்து நிமிடம் நடந்தாலும் கணக்குதான்.

தூக்கத்தில்தான் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மணி அணையாமல் போவது பெரும்பாலும் அங்கேதான். அழுத்தம் தூக்கத்தைக் கெடுக்கும். கெட்ட தூக்கம் மறுநாள் அழுத்தத்தைப் பெருக்கும். 2007இல் வந்த மூளைப்பட ஆய்வு ஒன்றில், ஓர் இரவு தூங்காதவர்களுக்கு மனதைத் தொந்தரவு செய்யும் படங்களைக் காட்டியபோது, அபாயத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி, தூங்கியவர்களைவிட சுமார் 60 சதவீதம் கூடுதலாகக் கிளர்ந்தது. அதை 'இரு, யோசிப்போம்' என்று அடக்கும் முன்மூளையோடு அதற்கிருந்த தொடர்பும் தளர்ந்திருந்தது. தூங்காத மறுநாள் நான் வீட்டில் எரிந்து விழுந்ததற்கு இதைவிடக் கௌரவமான விளக்கம் கிடைக்காது.

பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். காபியிலுள்ள காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக் காபியில் பாதி ராத்திரி பத்துக்கும் ரத்தத்தில் இருக்கிறது. மது சீக்கிரம் தூக்கத்தில் தள்ளும், பின்னிரவில் எழுப்பிவிடும். தூக்கம் வராமல் இருபது நிமிடம் போலப் புரண்டால் எழுந்து வேறு இடத்தில் உட்காருங்கள். படுக்கையைக் கவலைப்படும் இடமாக மூளைக்குப் பழக்காதீர்கள். எந்நேரம் தூங்கினாலும் ஒரே நேரத்துக்கு எழுவது முக்கியம்.

சரி, மனதுக்குள் ஓடும் பட்டியலை என்ன செய்வது? புளூமா செய்கார்னிக் 1927இல், முடித்த வேலையைவிட முடிக்காத வேலைதான் நினைவில் நன்றாக நிற்கிறது என்று எழுதினார். பின்னால் வந்த சோதனைகளில் அது எப்போதும் அப்படியே அமையவில்லை, ஆனால் இரவில் விழித்துக் கிடப்பவருக்கு அதில் நியாயம் தெரியும். 2018இல் 57 பேரை வைத்து ஒரு தூக்க ஆய்வகத்தில் ஒரு சோதனை நடந்தது. பாதிப்பேர் படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்து முடித்ததை எழுதினார்கள். மீதிப்பேர் இனிச் செய்ய வேண்டியதை எழுதினார்கள். செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக ஒன்பது நிமிடம் முன்னதாகத் தூங்கிவிட்டார்கள். விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். 'வங்கி வேலை' என்று எழுதுவதைவிட 'வங்கிக்குப் போன் செய்து பழைய அட்டையை முடக்கச் சொல்ல வேண்டும்' என்று எழுதுவது மேல்.

ஆழமான காயங்களுக்கும் எழுத்து உதவக்கூடும். ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986இல், மாணவர்களைத் தொடர்ந்து நாலு நாள், நாளுக்குப் பதினைந்து நிமிடம் தங்கள் வாழ்வின் மோசமான அனுபவத்தை எழுதச் சொன்னார். எழுதிய கையோடு அவர்கள் மனம் கனத்துத்தான் போயிற்று. ஆனால் நடந்ததையும் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள் அடுத்த ஆறு மாதத்தில் மருத்துவ மையத்துக்குப் போனது குறைவு.

அப்புறம், மனிதர்கள். 2006இல் ஜேம்ஸ் கோன், திருமணமான பெண்கள் 16 பேரை மூளைப்படக் கருவிக்குள் படுக்கவைத்து, காலில் மின்அதிர்ச்சி வரலாம் என்று எச்சரித்தார். யார் கையையும் பிடிக்காதபோது மூளையின் அபாயப் பகுதிகள் அதிகம் விழித்துக்கொண்டன. முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்தபோது கொஞ்சம் தணிந்தது, கணவன் கையைப் பிடித்தபோது இன்னும் தணிந்தது. இல்லறம் எவ்வளவு நன்றாக இருந்ததோ அவ்வளவு தணிவு. கை எதையும் பேசவில்லை, யோசனை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். யாராவது மனம்விட்டுப் பேச வந்தால் உடனே தீர்வு சொல்லத் துடிக்கிறோம். 'நான் ஏதாவது செய்யணுமா, சும்மா கேட்டுக்கணுமா?' என்று கேட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஆனால் ஒரே குறையை ஒரே நண்பரிடம் தினமும் புதிதாகத் திறந்து கிளறுவது பேசித் தீர்ப்பதில் சேராது. அதுவும் மணியை அடிப்பதுதான்.

மூச்சுப் பயிற்சி தீர்க்காதவை

இதையெல்லாம் சொன்ன பிறகு ஒரு சங்கடத்தையும் சொல்லியாக வேண்டும். மூன்று பேர் வேலையை ஒருவரிடம் கொடுத்துவிட்டு, அவருக்கு மதிய இடைவேளையில் தியான வகுப்பு நடத்தும் அலுவலகங்கள் இருக்கின்றன. தியானம் நல்லதுதான். ஆனால் கூரை ஒழுகும்போது நல்ல வாளி வாங்கிக் கொடுப்பது போன்ற உதவி அது. வேலையில் ஆளே தீய்ந்துபோகும் இந்த நிலைக்கு ஆங்கிலத்தில் 'பர்ன்அவுட்' என்று பெயர். ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர் என்ற உளவியலாளர் 1974இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதினார். உலக சுகாதார நிறுவனம் 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் இதை விவரித்தபோது, நோய் என்று சொல்லவில்லை. சரியாகக் கையாளப்படாத நாட்பட்ட பணியிட அழுத்தத்தால் வருவது என்றது. தீராத களைப்பு, வேலையின் மேல் வெறுப்பு அல்லது ஒட்டாத தன்மை, திறமை குறைந்துவிட்டது என்ற உணர்வு ஆகிய மூன்றும் அதன் அடையாளம். வேலை நேரம், ஆள் எண்ணிக்கை, வேலையில் நமக்குள்ள பிடி ஆகியவை மாறாமல் இது முழுதாகப் போகாது. வன்முறை நடக்கும் வீட்டுக்கும், தலைக்கு மேல் போன கடனுக்கும் இதே கதைதான். அங்கே முதலில் வேண்டியது வக்கீலோ, தொழிற்சங்கமோ, போய்த் தங்க ஓர் உறவினர் வீடோ.

பதற்றமோ துக்கமோ இரண்டு வாரத்துக்கு மேல் கிட்டத்தட்ட தினமும் இருக்கிறது, பிடித்தது எதுவும் பிடிக்கவில்லை, தூக்கமும் பசியும் தலைகீழாகிவிட்டன என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம். அன்றைக்கே, யாராவது ஒருவரைக் கூட அழைத்துக்கொண்டு போங்கள். முதலில் போவது குடும்ப மருத்துவராக இருந்தாலும் பரவாயில்லை. தைராய்டு கோளாறும் ரத்தசோகையும்கூடப் படபடப்பு, களைப்பு என்று இதே வேடத்தில் வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் அவை பிடிபட்டுவிடும். மாத்திரை தேவையா என்று மனநல மருத்துவர் பார்ப்பார். எண்ணத்தையும் பழக்கத்தையும் பேசிப் பேசி மாற்றும் சிகிச்சையை உளவியலாளர் தருவார். சிலருக்கு இரண்டும் வேண்டியிருக்கும்.

போவதற்கு முன்னால் ஒரு தாளில் தேதி போட்டு எழுதிக்கொள்ளுங்கள்: எத்தனை மணி நேரம் தூங்கினேன், எத்தனை மணிக்கு விழிப்பு வந்தது, என்ன சாப்பிட்டேன், எப்போது படபடத்தது. உள்ளே போய் உட்கார்ந்ததும் 'என்ன பண்ணுது?' என்பார்கள். அடுத்தபடியாக, 'எத்தனை நாளா இப்படி இருக்கு?'